இன்னொருவர் கட்டிய வேஷத்தை மேடையில் ஏற்பது எப்படி

எங்கள் மெல்லிசைக் குழுவின் முன்னணிப் பாடகர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிட்டவர், இறந்தபோது அடுத்த கச்சேரிக்கு இருபத்திரண்டு நாள்தான் இருந்தது. மாரியம்மன் கோயில் திருவிழா. கமிட்டிக்காரர்கள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள், நோட்டீஸும் அடித்தாகிவிட்டது. அதுவரை கோரஸும் இரண்டொரு பாட்டும் பாடிக்கொண்டிருந்த என்னிடம் அண்ணனின் வெள்ளைக் கோட்டைக் கொடுத்து, "அவர் மாதிரியே பாடிடு" என்றார்கள்.

அண்ணனுக்கு மேடையில் ஒரு வேஷம் உண்டு. அவரே கட்டிய வேஷம். வெள்ளைக் கோட்டு, இடது மணிக்கட்டில் சுற்றிய சிவப்புக் கைக்குட்டை. இரண்டாவது சரணத்தில் மேடையைவிட்டு இறங்கிப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் நடப்பார். வயதான அம்மாக்களைப் பார்த்து "ஆத்தா, கேக்குதா?" என்பார். பாட்டு முடிந்ததும் தொண்டைக்குள்ளேயே ஒரு சிரிப்பு. பாடுவது டி.எம்.எஸ். பாட்டுத்தான். ஆனால் சுற்று வட்டாரத்தில் ஜனங்கள் கூடியது அந்த வெள்ளைக் கோட்டுக்காரரைப் பார்க்க.

நான் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். தோளில் நிற்காத கோட்டு, என் தொண்டைக்கு எட்டாத சுருதி, கைக்குட்டை, "ஆத்தா" எல்லாம். மூன்றாவது பாட்டு முடிந்ததும் அந்தச் சிரிப்பையும் சிரித்தேன். முன்வரிசையில் இருந்த அண்ணனின் மகள் எழுந்து போய்விட்டாள். கச்சேரி முடிந்து தேடிப் போய்க் கேட்டேன். "அப்பா வீட்டுல சிரிக்கிற சிரிப்பு அது" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

வேஷத்தை ஏற்கலாம், ஆளை எடுக்கக் கூடாது என்று அன்றைக்குப் புரிந்தது. எது வேஷம், எது ஆள் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கைந்து வருடம் ஆனது. நீங்கள் அவ்வளவு நாள் கஷ்டப்பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, உங்களுக்கு முன்னால் பாடியவரின் வீட்டுக்குப் போவது. குழுவின் உரிமையாளர் சரி என்று சொன்னது போதாது. இறந்தவர் வீடானாலும் சரி, குழுவைவிட்டுப் போனவர் வீடானாலும் சரி, நேரில் போய், "இந்தப் பாட்டுகளை நான் பாடப் போகிறேன், எதையாவது பாட வேண்டாம் என்றால் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஏசி டிசி என்ற ஆஸ்திரேலிய ராக் இசைக் குழுவின் பாடகர் போன் ஸ்காட் 1980 பிப்ரவரியில் லண்டனில் இறந்தார். குழுவைக் கலைத்துவிடலாமா என்ற யோசனையில் இருந்தவர்களைத் தொடர்ந்து நடத்தச் சொன்னது அவருடைய பெற்றோர். அதற்குப் பிறகுதான் புதுப் பாடகரைத் தேடினார்கள். அப்படி வந்த பிரையன் ஜான்சனைப் பற்றி, ஸ்காட் உயிரோடு இருந்த காலத்திலேயே நல்ல பாடகர் என்று கூட்டாளிகளிடம் சொல்லியிருந்தாராம். முன்னவரின் வாயால் வந்த அந்த ஒரு சொல் பின்னவருக்கு எவ்வளவு பலமாக இருந்திருக்கும்! எனக்கு அது கிடைக்கவில்லை. அண்ணனின் மனைவியிடம் நான் போனதே அந்தத் திருவிழா முடிந்த பிறகுதான். முன்னாலேயே போயிருக்க வேண்டும்.

அடுத்தது ஒரு நோட்டுப் புத்தகம். பக்கத்தின் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். அவருடைய கச்சேரி வீடியோவை முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். உடம்பு என்ன செய்கிறது, எப்போது நடக்கிறார், கை எங்கே போகிறது என்று எழுதுங்கள். பிறகு திரையை மூடிவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள். எந்த எழுத்தை அழுத்துகிறார், எங்கே மூச்சு வாங்குகிறார், பாட்டுக்கு நடுவில் என்ன பேசுகிறார். இப்படி நாற்பது ஐம்பது குறிப்பு சேரும். ஒவ்வொன்றையும் எடுத்து, "இதைக் கூட்டம் எதிர்பார்த்து வருகிறதா, இல்லை இது அவருடைய சொந்த உடம்பா" என்று கேளுங்கள். கூட்டம் எதிர்பார்ப்பது இடப்பக்கம், உடம்போடு போக வேண்டியது வலப்பக்கம்.

என் நோட்டில் இடப்பக்கம் கடைசியில் நின்றவை மூன்றே மூன்று. இரண்டாவது சரணத்தில் இறங்கி நடப்பது, கைக்குட்டை, பெரியவர்களைப் பெயர் கேட்டு வணங்குவது. சிரிப்பு, "ஆத்தா" என்று அவர் இழுக்கிற இழுப்பு, மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிப்பது எல்லாம் வலப்பக்கம் போய்விட்டன. முதலில் இடப்பக்கம் பதினேழு குறிப்பு எழுதியிருந்தேன். ஒவ்வொரு குறிப்பாக அடித்து நீக்க நீக்கத்தான் பாட்டு எனக்கு வசப்பட்டது.

இந்தப் பிரிப்பை உலகத்திலேயே நன்றாகச் செய்தவர் என்று நான் நினைப்பது ஆடம் லாம்பர்ட்டை. குயீன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி 1991 நவம்பரில் இறந்தார். அரையாக உடைந்த மைக் ஸ்டாண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார், மஞ்சள் ஜாக்கெட் போடுவார், "ஏ...ஓ" என்று கூவிக் கூட்டத்தையே திருப்பிக் கூவ வைப்பார். லாம்பர்ட் 2009-இல் அமெரிக்காவின் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் இரண்டாமிடம் வந்தவர். அந்த இறுதிச் சுற்றில்தான் குயீன் குழுவின் பிரையன் மே, ரோஜர் டெய்லர் இருவரோடும் சேர்ந்து பாடினார். 2012-இல் கீவ் நகரத்தில் அவர்களோடு முழுக் கச்சேரி. அவர் அந்த அரை ஸ்டாண்டைத் தன் அடையாளமாக ஆக்கிக்கொள்ளவில்லை. ஃப்ரெடியிடம் இருந்த ஆடம்பரத்தை மட்டும் எடுத்து, அதைத் தன் உடையிலும் தன் நளினத்திலும் காட்டினார். ஒரு பாட்டுக்கு ஊதா நிறச் சாய்வு இருக்கையில் விசிறியோடு சாய்ந்துகொண்டே பாடியிருக்கிறார். வேஷம் பழையது, ஆள் புதியவர். "ஏ...ஓ" கூவலை அவர் தொடவே இல்லை. அந்த இடம் வந்தால் பெரிய திரையில் ஃப்ரெடியே வந்து கூவுவார், கூட்டம் அவருக்குப் பதில் சொல்லும்.

இனி சுருதி. புதிதாக வருகிற பிள்ளைகள் குரலைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவர் எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதி அளவில், பாடினாரோ அதே கட்டையில் பாடினால்தான் மரியாதை என்று நினைக்காதீர்கள். அண்ணன் ஐந்து கட்டையில் பாடிய பாட்டை எனக்கு நாலில்தான் பாட வரும். கீபோர்டுக்காரர் "பழைய வாசிப்பு விரலில் ஊறிப்போச்சு" என்று முரண்டு பிடிப்பார். கீபோர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸில் மைனஸ் இரண்டு வைத்தால் அவர் அதே விரலில் வாசிக்கலாம், அதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கிதாரும் புல்லாங்குழலும்தான் உண்மையில் கஷ்டப்படும். அவர்களுக்கு ஒரு வாரம் முன்னாலேயே கட்டைப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். தபேலாக்காரரையும் மறக்காதீர்கள். சுருதி இறங்கினால் அவர் வேறு தபேலா எடுத்து வர வேண்டியிருக்கும். கட்டை இறங்கியது ஜனங்களுக்குத் தெரியாது. நீங்கள் எட்டிப் பிடிக்கத் திணறுவது பின்னால் பஜ்ஜிக் கடையில் நிற்பவருக்கும் தெரியும்.

வீட்டில் பாடிப் பார்த்துவிட்டுக் கட்டையை முடிவு செய்யாதீர்கள். உட்கார்ந்து ஒரு பாட்டு பாடுவது வேறு, நின்று நடந்து மூன்று மணி நேரத்தில் பதினெட்டுப் பாட்டு பாடுவது வேறு. பட்டியல் முழுவதையும் ஒரே மூச்சில் பாடிப் பார்த்து, கடைசி மூன்று பாட்டு எந்தக் கட்டையில் சிரமமில்லாமல் வருகிறதோ அதையே எல்லாவற்றுக்கும் அளவாக வையுங்கள்.

முன்னவரின் சுருதியிலேயே பாட முடிகிறவர்களும் இருக்கிறார்கள். மணிலாவைச் சேர்ந்த ஆர்னெல் பினேடா அப்படிப்பட்டவர். தன் குழுவோடு விடுதிகளில் மற்றவர்கள் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த அவருடைய வீடியோவை 2007-இல் யூடியூபில் பார்த்துத்தான் ஜர்னி என்ற அமெரிக்க ராக் குழுவின் கிதார் கலைஞர் நீல் ஷோன் அவரை அழைத்தார். அந்தக் குழுவின் பாட்டெல்லாம் ஸ்டீவ் பெர்ரி என்ற மேல்தொண்டைப் பாடகருக்காக அமைந்தவை. 2008 பிப்ரவரியில் சிலி நாட்டில் ஒரு திருவிழா மேடையில் பினேடா முதல்முறை அந்த இடத்தில் நின்றார். சின்ன வயதில் தாயை இழந்து மணிலாத் தெருக்களில் படுத்துத் தூங்கிய பிள்ளை அவர். ஒவ்வொரு முறை அந்த வீடியோவைப் பார்க்கும்போதும் எனக்குக் கண் கலங்கும். 2017-இல் அந்தக் குழுவுக்குப் பெரிய கௌரவம் செய்த மேடைக்கு ஸ்டீவ் பெர்ரியும் வந்தார். பினேடாவை வாயாரப் பாராட்டினார். பாட்டைப் பாடியது பினேடா.

உடை விஷயத்தில் என் கருத்து ஒன்றே ஒன்று: முன்னவரின் உடையைப் போடாதீர்கள். வேண்டுமானால் ஒரே ஒரு பொருளை வைத்துக்கொள்ளுங்கள். ஜெனிசிஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவில் பாடகர் பீட்டர் கேப்ரியல் சிவப்புக் கவுனும் நரித் தலையும் மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்தவர். 1975-இல் அவர் விலகியதும் எத்தனையோ பேரைப் பாட வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸையே முன்னால் நிறுத்தினார்கள். அவர் நரித் தலையைத் தொடவில்லை. சாதாரண உடையில் நின்று கூட்டத்தோடு பேசினார், கதை சொன்னார், கஞ்சிராபோல ஜல்லரை வைத்த டாம்பரினைத் தலையிலும் முழங்காலிலும் தட்டி ஆடினார். குழு முன்னைவிடப் பெரிதாக வளர்ந்தது. பிரையன் ஜான்சனும் தன் ஊர்த் தொப்பியோடுதான் வந்தார். இன்றைக்கு அந்தத் தொப்பியே அவருக்கு வேஷமாகிவிட்டது. நான் கோட்டை அண்ணன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். கைக்குட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் கச்சேரியில் அவர் பெயரை எப்போது சொல்வது என்று குழப்பம் வரும். மேடை ஏறியதும் சொன்னால் அது இரங்கல் கூட்டமாகிவிடும். கடைசியில் சொன்னால் அதுவரை கூட்டம் மனதுக்குள் உங்களை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாவது பாட்டு முடிந்ததும் சொல்லுங்கள், நான்கு வரிக்கு மேல் வேண்டாம். நான் சொல்வது இதுதான்: "இது அண்ணன் நின்ற இடம். அவர் ஒருத்தர்தான். நீங்க கேட்ட பாட்டை உங்களுக்காக நான் பாடுறேன், கூடவே நீங்களும் பாடுங்க." அடுத்த பாட்டின் இசை உடனே தொடங்கிவிட வேண்டும். கீபோர்டுக்காரரிடம் முன்கூட்டியே சைகை சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த அமைதியில் உங்களுக்கே தொண்டை அடைத்துவிடும்.

ஒரு பாட்டையாவது அவருக்கென்று விட்டுவிடுங்கள். போன் ஸ்காட் ஸ்காட்லாந்துப் பைக்குழல் வாசித்த பாட்டு ஒன்று ஏசி டிசிக்கு உண்டு. அவர் மேல் உள்ள மரியாதையால் ஜான்சன் அதை மேடையில் பாடுவதில்லை. நான் அண்ணனின் பாட்டுகளில் ஒன்றை இன்றுவரை பாடியதில்லை. அதன் பெயரை இங்கே எழுதவும் மனமில்லை. நேயர் விருப்பச் சீட்டில் அது கட்டாயம் வரும். சீட்டைக் கையில் எடுத்து, "இது அண்ணனோடவே இருக்கட்டும்ங்க" என்று சொல்லி, அதே படத்திலிருந்து வேறொரு பாட்டைப் பாடுவேன். இதுவரை ஒருவர்கூடக் கோபித்ததில்லை.

கூட்டத்திலிருந்து "அவர் மாதிரி வராதுப்பா" என்று குரல் வரும். வரத்தான் செய்யும், பதில் சொல்லாதீர்கள். சொன்னவருக்கு முன்னவர்மேல் அவ்வளவு பாசம். இடைவேளையில் அப்படிச் சொன்னவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முன்னவர் பாடியதில் அவருக்குப் பிடித்தது எது என்று கேளுங்கள். வீடியோவில் கிடைக்காத விஷயங்கள் இப்படிப்பட்டவர்களிடம்தான் கிடைக்கும். அண்ணன் இரண்டாவது சரணத்தில் இறங்கி நடந்ததற்குக் காரணமே எனக்கு ஒரு பெரியவர் சொல்லித்தான் தெரியும். ஒரு காலத்தில் பெண்கள் பக்கம் ஸ்பீக்கர் வைக்க மாட்டார்களாம். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று இறங்கியிருக்கிறார். "ஆத்தா, கேக்குதா?" என்பதை அவர் நிஜமாகவே கேட்டிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் நடக்கிற நடையே மாறிவிட்டது.

போலச் செய்துதான் தொடங்குகிறோமே என்று வெட்கப்படவும் வேண்டாம். நாம் எல்லோரும் யாரைப்போலப் பாட ஆசைப்படுகிறோமோ அந்த டி.எம்.எஸ்., மதுரையில் தியாகராஜ பாகவதரின் பாட்டுகளைப் பாடிப் பழகியவர். சினிமாவில் அவருடைய முதல் பாட்டே பாகவதர் பாணியில் அமைந்ததுதான். அங்கிருந்துதான் தன் குரலுக்கு நடந்து வந்தார்.

பணம் பற்றியும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். முன்னவர் பெயரைச் சொல்லிக் கச்சேரி பிடித்துவிட்டு உங்களுக்குக் கோரஸ் சம்பளம் கொடுக்கப் பார்ப்பார்கள். நோட்டீஸில் அவர் படம் போடுவதாக இருந்தால் குடும்பத்தைக் கேட்டுப் போடட்டும், பக்கத்தில் உங்கள் பெயரும் படிக்கிற அளவு எழுத்தில் இருக்கட்டும். இதை ஒப்புக்கொள்ளும்போதே கேட்டுவிட வேண்டும், அப்புறம் கேட்டால் நடக்காது.

போன ஆடியில் வேறொரு ஊர்த் திருவிழாவுக்கு அண்ணனின் மகள் தன் பிள்ளைகளோடு வந்திருந்தாள். இரண்டாவது சரணத்தில் இறங்கி அந்தப் பக்கம் நடந்தேன். "கேக்குதாம்மா?" என்று என் குரலில் கேட்டேன். மடியில் இருந்த சின்னவள் கையை உயர்த்தி, "கேக்குது" என்றாள்.