நாள்பட்ட நுரையீரல் நோயும் பிராணாயாமமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர், மூச்சு வாங்கும்போது காற்று போதவில்லை என்றே உணர்கிறார். அதனால் பிராணாயாமம் பழகத் தொடங்கும்போதும், இயன்ற மட்டும் ஆழமாக இழுப்பதே நன்மை தரும் என்று நம்புகிறார். அவருடைய தொல்லையோ பெரும்பாலும் வெளிவிடுவதில் இருக்கிறது. காற்றறைகள் மீள்தன்மையை இழந்திருப்பதாலும், வெளிமூச்சின்போது சிறு குழாய்கள் சுருங்கி மூடிக்கொள்வதாலும், பழைய காற்று முழுவதும் வெளியேறாமல் தங்கிவிடுகிறது. மார்பு உப்பி, உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது. அந்நிலையில் மேலும் மேலும் இழுப்பது நிறைந்த குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபாதி நல்லதுதானே என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் விசையுடன் தள்ளும்போது மார்புக்குள் ஏறும் அழுத்தம், தளர்ந்த சிறு குழாய்களை முன்கூட்டியே மூடிவிடுகிறது. துருத்தி போல வேகமாக இழுத்து வேகமாக விடும் பஸ்திரிகாவில் வெளிவிடப் போதிய நேரமே கிடைப்பதில்லை. நுரையீரலில் காற்றுக் கொப்புளங்கள் உள்ளவர்களுக்கு அவை வெடித்து நுரையீரல் சுருங்கும் ஆபத்தும் உண்டு என்பதால், இவ்விரண்டையும் விலக்குவதே என் உறுதியான பரிந்துரை. ஒரு பக்கம் திடீரென மார்புவலி வந்து மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உகந்த முறை மிக எளியது: மூக்கின் வழியாக 2 எண்ணும் வரை மெல்ல இழுத்து, உதடுகளைக் குவித்து 4 எண்ணும் வரை, சிறிதும் முக்காமல் விடுவது. குவிந்த உதடுகள் தரும் எதிரழுத்தம் குழாய்களைத் திறந்து வைத்திருக்கிறது.

மூச்சை உள்ளே அடக்கி வைக்கும் கும்பகமும் இவர்களுக்கு ஏற்றதன்று. பூரகம் (உள்ளிழுத்தல்) 16, கும்பகம் 64, ரேசகம் (வெளிவிடுதல்) 32 மாத்திரை நேரம் என்ற மரபான கணக்கு நலமான உடலுக்கு உரியது. இரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் இயல்புள்ளவர்களும், நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் மிகுந்தவர்களும் மூச்சை அடக்கவே கூடாது.

எல்லோருக்கும் பரிந்துரைக்கப்படும் வயிற்று மூச்சுகூட, மார்பு மிகவும் உப்பியுள்ள சிலருக்குத் திணறலை அதிகமாக்கும். அவ்வாறு தோன்றினால் அதை விட்டுவிடலாம். மல்லாந்து படுத்துப் பழகுவதைவிட, நாற்காலியில் அமர்ந்து சற்று முன்சாய்ந்து முழங்கைகளைத் தொடைகளில் ஊன்றிக்கொள்வது எளிதாக இருக்கும். நுரையீரல் தழும்பேறி விறைக்கும் நோய்களின் இயல்பே வேறு என்பதால், அந்நோயாளிகள் மேற்சொன்ன 2-4 எண்ணிக்கையை அப்படியே பின்பற்றாமல் தங்கள் மருத்துவரிடம் தனியே கேட்டறிய வேண்டும்.

பயிற்சியால் சற்றுத் தெம்பு வந்தவுடன் இன்ஹேலரை நிறுத்திவிடுவதுதான் எனக்கு மிகுந்த கவலை தரும் தவறு. மூச்சுப் பயிற்சி திணறலைத் தணிக்கும். அழிந்த காற்றறைகளை அது மீட்டுத் தராது. இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 98 விழுக்காடு வர வேண்டும் என்று வேகவேகமாக மூச்சு விடுவதும் வீண். தலைசுற்றலும் விரல் மரத்தலுமே மிஞ்சும். கரியமில வாயு தேங்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் தரும்போது மருத்துவர்கள் பொதுவாக 88 முதல் 92 விழுக்காட்டையே இலக்காகக் கொள்வதால், ஆக்சிஜன் அளவைத் தாமாகக் கூட்டக் கூடாது. பயிற்சி அறையில் ஊதுபத்தியும் விளக்கும் வேண்டாம்; புகை குழாய்களை உறுத்தும், ஆக்சிஜன் அருகில் நெருப்பு பேராபத்து.

சளி கூடி நிறம் மாறிய நாட்களிலும், காய்ச்சலின்போதும் புதிய பயிற்சி எதையும் தொடங்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உண்ட உடனேயும் பழக வேண்டாம்.

பாயில் அமரும்போது மட்டும் பழகிவிட்டு, படியேறும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வோர் பலர். நின்று இழுத்து, உதடு குவித்து விட்டபடியே ஓரிரு படிகள் ஏறி, மறுபடி நின்று இழுக்க வேண்டும். குனிந்து காலணி அணியும்போதும் பளு தூக்கும்போதும் முயற்சி வேண்டிய கணத்தில் மூச்சு வெளியேறிக்கொண்டிருக்க வேண்டும்.