முதல் நீண்ட நடைக்கு: ஹாம்ப்டன் கோர்ட்டிலிருந்து ரிச்மண்ட் வரை

லண்டன் வந்து வீடு, வேலை, பேங்க் கணக்கு எல்லாம் ஒருவழியாக அமைந்துவிட்டதா? சரி, ஒரு சனிக்கிழமையைத் தேம்ஸுக்கு ஒதுக்குங்கள். குளோஸ்டர்ஷயரில் ஆறு பிறக்கும் இடத்திலிருந்து கிழக்கு லண்டன் வரை கரையோரமாகவே வரும் தேம்ஸ் பாத் என்ற நடைபாதையின் நீளம் சுமார் 185 மைல். 1996-இல் திறந்தார்கள். டிக்கெட் கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஓக் கொட்டைச் சின்னம் போட்ட பலகைகள் வழி காட்டும்.

முதல் தடவைக்கு ஹாம்ப்டன் கோர்ட் முதல் ரிச்மண்ட் வரை போதும்: ஏறக்குறைய 8 மைல், ஏற்றமே இல்லை. வாட்டர்லூவிலிருந்து விம்பிள்டன் வழியாகப் போகும் ரயிலில் ஹாம்ப்டன் கோர்ட்டில் வந்து இறங்கிப் பாலத்தைக் கடந்து வலப்பக்கம் திரும்புங்கள். எட்டாம் ஹென்றி வாழ்ந்த அரண்மனைக்குள் போகத்தான் காசு. அதன் மதிலோரம் நடக்க இல்லை. கிங்ஸ்டன் பாலம் தாண்டி மறுகரைக்கு வந்து, அங்கே ஊருக்குள் சாப்பாடு, கழிவறை எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். அதன்பின் கடை குறைவு. கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தை எந்தப் பெஞ்சிலும் உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பப்புக்குள் போய் வெறும் காபி கேட்டாலும் தப்பில்லை.

கவனிக்க வேண்டியது டெடிங்டன் லாக்கை (படகுகளை ஏற்றி இறக்கும் மதகு) தாண்டிய பிறகுதான். கடலின் ஏற்றவற்றம் அதுவரை வருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வழியில் வரும் ஹாம் என்ற பகுதியின் கரையும் ரிச்மண்ட் கரையும் தண்ணீருக்குள் போய்விடுவதுண்டு. ஆற்றோரம் காரை விட்டுப் போனவர் திரும்பி வரும்போது டயர் மூழ்கியிருக்கும். லண்டன் துறைமுக ஆணையம் வெளியிடும் நீர்மட்ட அட்டவணையைக் கிளம்பும் முன் பாருங்கள். மாட்டிக்கொண்டால் மேட்டில் ஏறிக் காத்திருங்கள், வடிந்துவிடும். லாக் பக்கம் குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

மழைக்குப் பிறகு ஹாம் வரை ஒரே சேறு, வெள்ளை ஷூ வேண்டாம். கோடையில் பாதையோரம் இலை விளிம்பு பல் பல்லாக, மேலெல்லாம் மெல்லிய சுணையோடு ஒரு செடி நிற்கும். நம்மூர்க் காஞ்சொறி மாதிரிதான், பட்டால் எரியும். சைக்கிள் மணி கேட்டால் ஓரம் போங்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். காலையிலேயே கிளம்புவது நல்லது.

பீட்டர்ஷம் புல்வெளியில் கோடைக்காலத்தில் மாடுகள் மேயும். அங்கிருந்து ரிச்மண்ட் குன்றில் ஏறினால் ஆறு வளைந்து போவது முழுசாகத் தெரியும். அந்தக் காட்சியைக் கட்டடங்கள் மறைக்கக்கூடாதென்று 1902-இல் பாராளுமன்றம் சட்டமே போட்டிருக்கிறது. கால் வலித்தால் குன்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போங்கள். டிஸ்ட்ரிக்ட் லைன், ஓவர்கிரவுண்ட், வாட்டர்லூ ரயில் மூன்றும் அங்கேயே கிடைக்கும்.