பாயிண்ட் 22: எந்தத் தோட்டா, எப்படிப் படுக்கணும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வேட்டைக்கு இல்லை. மரச்சீனியும் வாழையும் போட்டவர்கள் பன்றித் தொல்லை தாங்காமல் ரைஃபிள் பற்றி விசாரிப்பது புரிகிறது, ஆனால் 1972 வனவுயிர் சட்டம் இருக்கும்வரை நாமாகப் போய்ச் சுட்டால் கேஸ்தான். இங்கே பேசப்போவது ரேஞ்சில், அதாவது துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில், 50 மீட்டரில் படுத்துச் சுடுகிற பாயிண்ட் 22 (0.22 அங்குல) ரைஃபிள் பற்றி.

என்சிசியில் 25 கஜத்தில் குரூப்பிங் (குண்டுகளை ஒரே இடத்தில் நெருக்கமாக விழவைப்பது) போட்டுப் பழகியவர்கள் இங்கே வந்ததும் கேட்பது, வேகமான தோட்டா வாங்கினால் நல்லா அடிக்குமா என்றுதான். அடிக்காது மக்கா. ஹை வெலாசிட்டி என்று பெட்டியில் போட்டிருப்பது செகண்டுக்கு 1,200 அடிக்கு மேல், அதாவது ஒலியைவிட வேகமாகக் கிளம்பி, போகிற வழியிலேயே ஒலி வேகத்துக்கு இறங்கும், அங்கேதான் குண்டு தடுமாறும். ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி 1,070 சொச்சத்தில் நிதானமாகப் போகும். பக்கக் காற்றில் அதிகம் விலகுவதும் வேகமானதுதான், ஏனென்றால் ஒலி வேகத்தை ஒட்டி இழுவை கூடும், வழியில் எவ்வளவு வேகத்தை இழக்கிறதோ அவ்வளவுக்குக் காற்று குண்டைத் தள்ளிவிடும்.

நம்ம ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றைத் தெரியாதவர் யார், முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மாவா நிற்கிறது? மணிக்கு 15 கிலோமீட்டர் பக்கக் காற்றே ஸ்டாண்டர்ட் குண்டை 50 மீட்டரில் சுமார் 2 சென்டிமீட்டர் நகர்த்தும். இலக்கின் நடுவில் உள்ள பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர், ஆக பத்தில் விழவேண்டியது எட்டில் போய் விழும். ரேஞ்சில் காற்றைக் காட்டும் கொடியைப் பார்த்து, காற்று ஒரே மாதிரி இருக்கும்போது மட்டும் சுடுங்கள், மாறினால் காத்திருங்கள்.

பிராண்ட் விஷயத்தில் டெனெக்ஸ் மாதிரி விலை உயர்ந்த போட்டித் தோட்டாவுக்கு ஆரம்பத்திலேயே போவது வீண் செலவு என்பேன். இரண்டு மூன்று ஸ்டாண்டர்ட் வகைகளைப் பத்துப் பத்தாகச் சுட்டு, உங்கள் பாரலுக்கு (ரைஃபிள் குழலுக்கு) எது சின்ன குரூப் தருகிறதோ அதே லாட் நம்பரில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) மொத்தமாக வாங்குங்கள். வகை மாற்றியதும் முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், பழைய குண்டின் மெழுகு பாரலில் ஒட்டியிருக்கும். பெட்டியை வெயிலில் நிற்கிற காருக்குள் விடவே கூடாது.

சரி, படுக்கிறது. வலக்கைக்காரர் என்றால் உடம்பு சுடும் கோட்டுக்கு இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கணும், வலது முழங்காலைக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொள்ளணும், அப்போதுதான் வயிறு பாயில் அழுந்தாமல் மூச்சு லேசாகும், நெஞ்சுத் துடிப்பும் சைட்டில் (குறிபார்க்கும் கருவியில்) குறைவாகத் தெரியும். ரைஃபிள் எடையைத் தாங்கவேண்டியது ஸ்லிங்கும் (கையில் மாட்டும் வாரும்) இடது முன்கை எலும்பும். இடது உள்ளங்கை ரைஃபிளைப் பிடிக்கவே வேண்டாம், அது சும்மா கிடக்கட்டும். முன்கை தரைக்கு 30 டிகிரிக்குக் கீழே இறங்கினால் போட்டியில் விடமாட்டார்கள்.

அப்புறம் முக்கியமானது, பெரும்பாலானோர் தாவிவிடுவது: கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறங்கள். சைட் இலக்கிலேயே நின்றால் சரி. தள்ளி நின்றால் கையால் இழுத்து நேராக்காதீர்கள், இடது முழங்கையை அசைக்காமல் இடுப்பை நகர்த்துங்கள். இடுப்பு இடப்பக்கம் போனால் ரைஃபிள் முனை வலப்பக்கம் திரும்பும். சைட் மேலே நின்றால் இடது கையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவையுங்கள்.

மூச்சை வெளியே விட்டு, அடுத்தது இழுக்குமுன் வருகிற இடைவெளியில் டிரிகரை நேராகப் பின்னால் அழுத்துங்கள். எட்டு செகண்டில் வெடிக்கவில்லையா, விட்டுவிட்டு மறுபடி மூச்சிலிருந்து தொடங்குங்கள். குரூப் மேலும் கீழுமாக நீண்டால் பெரும்பாலும் மூச்சில்தான் கோளாறு. பக்கவாட்டில் நீண்டால் காற்று, இல்லையென்றால் டிரிகர் விரல்.

தோட்டா வெடிக்காமல் நின்றால் உடனே போல்ட்டைத் (தோட்டா போடும் இடத்தை மூடும் தாழை) திறக்காதீர்கள், முனையை இலக்குப் பக்கமே வைத்து 30 செகண்ட் கழித்துத் திறங்கள்.