தேநீருக்கு முன்பே கையெழுத்தான ஒப்பந்தம்

வெளிநாட்டு இளம் தூதரக அதிகாரிகளுக்கான பயிற்சியை நடத்தப் புதிதாக வருபவர்கள் தங்கள் நிகழ்ச்சி நிரலைக் காட்டும்போதெல்லாம், என் பழைய நிரலையே பார்ப்பதுபோல் இருக்கிறது. விசா தாமதம், சாப்பாடு, சான்றிதழில் பெயர்ப்பிழை பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. ஒரு தடவை பட்டால் புத்தி வந்துவிடும்.

எல்லோருக்கும் ஒரே தாள்

மாதிரிப் பேச்சுவார்த்தையில் செய்யும் இந்தத் தவறுதான் இன்னும் எரிச்சலூட்டுகிறது. என் முதல் பயிற்சியில் ஆளுக்கொரு நாட்டின் பெயர்ப்பலகை, எல்லோருக்கும் பொதுவாக நாலு பக்கக் குறிப்பு கொடுத்தேன். ஆற்று நீர்ப் பங்கீடு. தேநீர் வருவதற்குள் உடன்பாடு! கைதட்டல், குழுப் படம், நானும் பெருமையாகத்தான் நின்றேன். அப்புறம் ஒரு தீவு நாட்டுக்காரர் கோப்பையோடு வந்து, "சார், ஊரில் அமைச்சகத்தைக் கேட்காமல் ஒரு காற்புள்ளியைக்கூட என்னால் நகர்த்த முடியாது, இங்கே நான் யாரைக் கேட்டேன்?" என்றார்.

வெளிநாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி தர 1964ல் இந்தியா தொடங்கிய ஐடெக் போன்ற திட்டங்களில் விமானக் கட்டணம், தங்குமிடம் எல்லாம் அழைக்கும் நாட்டின் செலவு. அவ்வளவு செலவழித்து வரவழைத்து நாடகம் போட வைத்திருக்கிறேன்.

இப்போது ஆளுக்கொரு ஒட்டிய உறை கொடுக்கிறேன்: எதை விட்டுக்கொடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது அதில் இருக்கும், பக்கத்து நாற்காலிக்குத் தெரியாது. அடுத்த அறையில் ஒருவர் ‘தலைநகர்’ ஆக உட்கார்ந்து, வேண்டுமென்றே தாமதமாகப் பதில் அனுப்புவார். இன்னும் ஒத்துவராத சொற்கள் வரைவில் சதுர அடைப்புக்குறிக்குள்ளேயே கிடக்கும். இதெல்லாம் மிகை என்பவர்களுக்கு 2015 டிசம்பர் 12ஐச் சொல்வேன். பருவநிலை மாற்றம் பற்றிய பாரிஸ் உடன்படிக்கையின் இறுதி வரைவில், வளர்ந்த நாடுகள் உமிழ்வுக் குறைப்பில் முன்னிற்பது பற்றிய 4.4ஆம் பிரிவில் ‘ஷல்’ (shall, கட்டாயம் செய்தாக வேண்டும்) என்று இருந்தது. ‘ஷுட்’ (should, செய்வது நல்லது) ஆக்கியே தீர வேண்டும் என்றது அமெரிக்கா. கட்டாயம் என்று வந்தால் ஒப்புதலுக்கு அமெரிக்க செனட் வரை போகவேண்டிய சிக்கல். உலகமே அரங்கில் காத்திருந்தது, கடைசியில் எழுத்துத் திருத்தங்களோடு திருத்தமாக அதையும் வாசித்து முடித்தார்கள். ஒரே தாளை வைத்துக்கொண்டு இந்தப் பதற்றத்தை எப்படிக் கற்பிப்பது?

ஓய்வுபெற்ற தூதர்கள்

பேச அழைப்பதானால் வாரத்துக்கு ஒருவர். மீறினால் மலரும் நினைவுகள்தான்.

ஆக்ரா

வெள்ளிக்கிழமை வேண்டாம், தாஜ்மகாலுக்கு விடுமுறை. ஒரு பேருந்து நிறைய ஆட்களோடு போய், கோட்டையை மட்டும் பார்த்துத் திரும்பியவன் சொல்கிறேன்.