ஆயிரம் கெஜத்துக்கு ஒரு பழைய ரைஃபிள்

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவரை, எங்கள் கிளப்பின் விருந்தினர் நாளுக்கு பிஸ்லி சுடுதளத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். 300 கெஜத்தில் கிளப் ரைஃபிளால் பத்துத் தோட்டா சுட்டார். திரும்பும் வழியில் வோக்கிங் வருவதற்குள் போனில் கடையே தேடி முடித்துவிட்டார். "அண்ணா, இது 2,400 பவுண்டு. ஆயிரம் கெஜத்துக்குப் போதுமா?" போதும் தம்பி, ஆனால் அதில் பாதிக் காசிலும் போதும் என்றேன். அன்று காரில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். திண்டுக்கல்லில் படித்தபோது என்.சி.சி.யில் .22 சுட்டதோடு சரி. பெரிய ரைஃபிளைத் தொட்டதே நாற்பது வயதுக்கு மேல், இங்கிலாந்து வந்த பிறகுதான். நான் சாம்பியன் இல்லை. காசைத் தப்பான இடத்தில் செலவழித்துக் கற்றுக்கொண்டவன்.

முதலில் காகித வேலை. இங்கே கடைக்குள் நுழைந்து பிடித்ததை வாங்கிக்கொண்டு வர முடியாது. போலீஸ் தரும் சர்ட்டிஃபிகேட் வேண்டும். இலக்குச் சுடுதலுக்காக அதைக் கேட்பவர், உள்துறை அங்கீகரித்த ஒரு கிளப்பில் குறைந்தது மூன்று மாதம் பயிற்சி உறுப்பினராக இருந்து, பிறகு முழு உறுப்பினர் ஆகியிருக்க வேண்டும். டாக்டர் கடிதம், இரண்டு பேர் சிபாரிசு, சுவரோடு போல்ட் போட்டு முடுக்கிய இரும்புப் பெட்டி, நேரில் விசாரிக்க வீட்டுக்கு வரும் அதிகாரி என்று அது ஒரு தனிப் படலம். (எங்கள் வீட்டுக்கு வந்தவர் இரண்டு டம்ளர் ஃபில்டர் காபி குடித்துவிட்டுத்தான் போனார்.) நம் விஷயத்துக்கு முக்கியமானது இதுதான்: சர்ட்டிஃபிகேட்டில் ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனித்தனியாக, கேலிபரோடு (எந்த அளவுத் தோட்டா என்பது) அனுமதி எழுதியிருக்கும். .308-க்கு அனுமதி வாங்கிவிட்டு, கடையில் 6.5 மலிவாக இருக்கிறதே என்று தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆகவே எந்த ரைஃபிள் என்ற கேள்விக்கு முன்னால் எந்தக் கேலிபர் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். செமி ஆட்டோமேட்டிக் வேண்டுமா என்ற குழப்பம் இங்கே இல்லை. .22 தவிர மற்றவை 1988 சட்டத்திலேயே போய்விட்டன. கையால் போல்ட்டை இழுத்துப் போடுவதுதான்.

கேலிபருக்கு வருவோம். 6.5 கிரீட்மோர் 2007-ல் உருவானது, தூரத்துக்கென்றே வடிவமைத்தது. பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் காற்று அடித்தால், ஆயிரம் கெஜத்தில் அதன் 140 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு ஏறக்குறைய ஐந்தரை அடி விலகும். .308-ன் 155 கிரெயின் குண்டு எட்டு அடி விலகும். இதைப் படித்தவுடன் எல்லோரும் 6.5 என்பார்கள். நானும் சொன்னேன். ஆனால் காசைக் கணக்கிட்டுப் பாருங்கள். 6.5-ன் பேரல் இரண்டாயிரம், மூவாயிரம் தோட்டாவுக்குள் தேய்ந்து கூர்மை இழக்கும்; .308 ஐயாயிரம் வரைகூடத் தாங்கும். அதோடு, இங்கே நடக்கும் எஃப் கிளாஸ் என்ற, ஸ்கோப் வைத்துப் படுத்துச் சுடும் போட்டியின் எஃப்-டி.ஆர். பிரிவில் .308, .223 இரண்டுக்கு மட்டும்தான் இடம். பைபாடு (முன்பக்கம் தாங்கும் இரட்டைக் கால்), ஸ்கோப் எல்லாம் சேர்த்து எடை 8.25 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 6.5 கொண்டுபோனால் எஃப்-ஓப்பன் என்ற இன்னொரு பிரிவில், விலை உயர்ந்த கருவிகளோடு மோத வேண்டியிருக்கும். அப்புறம் இன்னொன்று. காற்றைப் படிக்கத் தெரியாதவனுக்கு ஐந்தரை அடியும் ஒன்றுதான், எட்டு அடியும் ஒன்றுதான். இரண்டுமே இலக்குக்கு வெளியே. குறைந்த காசில் தொடங்குகிறவருக்கு .308 என்பேன்.

.308 என்று முடிவானால் பிரிட்டனில் ஒரு புதையல் இருக்கிறது. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து வாங்குகிறவர்கள் அதை அறியாமலே தாண்டிப் போய்விடுகிறார்கள். 1860-ல் விக்டோரியா ராணி விம்பிள்டனில் முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்த போட்டி, 1890 முதல் பிஸ்லியில் நடக்கிறது. அந்தப் பரம்பரையில் வந்த டார்கெட் ரைஃபிள் என்ற பிரிவில் ஸ்கோப் கிடையாது. தோளில் பட்டை, கண்ணுக்குத் துளை சைட், அவ்வளவுதான். ஆயிரம் கெஜம் வரை அப்படியே சுடுகிறார்கள். அதற்கென்றே செய்த ஒற்றைத் தோட்டா ரைஃபிள்கள், ஸ்விங், ஆர்.பி.ஏ., மஸ்கிரேவ், பார்னார்ட் போன்றவை, வயதானவர்களின் பெட்டிகளிலிருந்து வெளியே வந்தபடியே இருக்கின்றன. மேகஸின் இல்லை, பார்க்க அழகில்லை, மரக் கட்டையில் கீறல். அதனால் விலையும் இல்லை. நான் என்னுடையதை 650 பவுண்டுக்கு, சைட்டோடு சேர்த்து வாங்கினேன். அதன் ஆக்‌ஷனுக்கு (போல்ட்டும் அது ஓடும் இரும்பு உடலும்) இணையாக இன்று புதிதாக வாங்கப் போனால் ஆக்‌ஷனுக்கு மட்டுமே அதைவிட அதிகம் ஆகும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. பேரலில் எத்தனை தோட்டா போயிருக்கிறது என்று கேளுங்கள். ஒழுங்கானவர் நோட்டுப் புத்தகத்தையே நீட்டுவார். "அதிகம் சுடவில்லை" என்பது பதில் இல்லை. தோட்டா உட்காரும் இடத்துக்கு அடுத்து, பேரலுக்குள் சுருள் வரிகள் தொடங்குகிற முனைதான் முதலில் வெந்து தேயும். கடையில் போர்ஸ்கோப் (பேரலுக்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கருவி) இருந்தால் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த வயல்போல வெடித்திருந்தால் புதுப் பேரல் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். வெந்த பேரல் என்றாலே ஓட வேண்டியதில்லை. ஆக்‌ஷன் நன்றாக இருந்தால் பேரல் மாற்றிக்கொள்ளலாம், அது கார் டயர் மாதிரி. பேரலில் லண்டன் அல்லது பர்மிங்காம் புரூஃப் ஹவுஸ் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தச் சோதனை தாண்டாத பேரலை இங்கே விற்கவே கூடாது.

அடுத்தது ட்விஸ்ட். பேரலுக்குள் ஓடும் சுருள் வரி எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்ற எண் அது. பழைய டார்கெட் ரைஃபிள்களில் பெரும்பாலும் 13 அல்லது 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 155 கிரெயின் குண்டுக்காக அமைத்தது. எஃப்-டி.ஆர்.காரர்கள் பேசும் 200 கிரெயின் குண்டை அதில் போட்டால் குண்டு நிலைகொள்ளாமல் தள்ளாடும். கனமான குண்டு வேண்டுமென்றால் 10, 11 அங்குல ட்விஸ்ட் தேடுங்கள். சில பழைய சேம்பர்களை (தோட்டா உட்காரும் குழி) அந்தக் காலத்துத் தோட்டாவுக்கென்றே இறுக்கமாக வெட்டியிருக்கிறார்கள். எந்தத் தோட்டா போடலாம் என்று துப்பாக்கி மெக்கானிக்கிடம் கேட்காமல் சுட வேண்டாம்.

பழசு வேண்டாம், ஸ்கோப்போடு புதிதுதான் வேண்டும் என்றால் டிக்கா டி3எக்ஸ் சி.டி.ஆர்., ஹோவா 1500 இரண்டும் காசுக்கு நியாயம் செய்பவை. முன்னது பின்லாந்து, பின்னது ஜப்பான். 100 கெஜத்தில் மூன்று குண்டு ஓர் எம்.ஓ.ஏ.வுக்குள் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக் கோணம்) விழும் என்று டிக்கா உத்தரவாதமே தருகிறது. ஆயிரம் கெஜத்தில் ஓர் எம்.ஓ.ஏ. என்பது பத்தரை அங்குலம். எஃப் கிளாஸ் இலக்கின் ஐந்து புள்ளி வளையமும் கிட்டத்தட்ட அதே அளவு என்பதால், ரைஃபிளைக் குறை சொல்ல நமக்கு வழி இருக்காது. ஒரே ஒரு நிபந்தனை: 24 அங்குலப் பேரல், தடித்ததாக.

இதை நான் எப்படிக் கற்றேன் என்றால், என் முதல் ரைஃபிள் 20 அங்குலப் பேரல். பார்க்கக் கச்சிதமாக இருந்தது. கடையில் மேட்ச் என்று எழுதியிருந்த 168 கிரெயின் தோட்டாவை வாங்கிக்கொண்டு, பிஸ்லியின் நீண்ட தூரச் சுடுதளமான ஸ்டிக்கிள்டவுன் போனேன். 600 கெஜம் வரை அந்தக் குண்டு தங்கம். ஆனால் ஆயிரத்தை நெருங்கும்போது வேகம் ஒலியின் வேகத்துக்கு இறங்கி, அந்த இடத்தில் குண்டு தடுமாறும். குட்டைப் பேரலால் வேகம் ஏற்கெனவே குறைவு. அன்று பதினேழு தோட்டா சுட்டேன். இலக்கில் நான்குதான் பட்டிருந்தன. அதில் ஒன்று பக்கவாட்டில் நுழைந்து சாவித் துவாரம்போல ஓட்டை போட்டிருந்தது. பக்கத்தில் படுத்திருந்த எழுபது வயதுக்காரர், துளை சைட்டும் கிழிந்த ஜாக்கெட்டுமாக, ஒன்றைக்கூட வெளியே விடவில்லை. அவர் கையில் இருந்தது ஒரு பழைய ஸ்விங்.

ஸ்கோப் வாங்குபவர்கள் உருப்பெருக்கத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ஏற்றம், அதாவது குமிழைத் திருப்பி எவ்வளவு மேலே கொண்டுபோக முடியும் என்பது. 100 கெஜத்தில் சரிசெய்த .308-ஐ ஆயிரத்துக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 35 எம்.ஓ.ஏ. மேலே திருப்ப வேண்டும். மொத்தத் திருப்பம் 50 உள்ள ஸ்கோப் என்றால், நடுவிலிருந்து மேலே 25-தான் மிஞ்சும். பத்து எம்.ஓ.ஏ. குறையும். இதற்குத்தான் முன்பக்கம் சாய்த்த 20 எம்.ஓ.ஏ. ரயில் (ஸ்கோப் உட்காரும் தளம்) விற்கிறார்கள், சின்னச் செலவுதான். திருப்பும் குமிழும் ரெட்டிக்கிளும் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) ஒரே அளவில் இருக்கட்டும். மில் (இன்னொரு கோண அளவு) என்றால் இரண்டும் மில். ஒன்று மில், மற்றொன்று எம்.ஓ.ஏ. என்று வாங்கிவிட்டு, படுத்துக்கொண்டே மனக்கணக்குப் போட்ட அனுபவம் எனக்குண்டு.

நான் பணத்தைப் பிரிப்பது இப்படி: ரைஃபிளுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்களோ, அதே அளவு முதல் வருடத் தோட்டாவுக்கு. நல்ல .308 தோட்டா ஒன்று இரண்டு பவுண்டை ஒட்டி வருகிறது. இரண்டு சரிபார்ப்புத் தோட்டா, பதினைந்து கணக்குத் தோட்டா என்று ஒரு முறை படுத்து எழுந்தால் முப்பத்து நான்கு பவுண்டு. 2,400 பவுண்டு ரைஃபிளை வாங்கிவிட்டு மாதம் ஒருமுறைகூடச் சுட முடியாமல் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

தம்பிக்குப் பயிற்சி உறுப்பினர் காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அது முடியும்வரை கிளப் ரைஃபிள் இருக்கிறது, அவசரம் இல்லை. நேற்று இரவு ஒரு படம் அனுப்பினார்: பழைய ஆர்.பி.ஏ., நீல வண்ண ஸ்டாக், 700 பவுண்டு. பேரலில் எத்தனை தோட்டா, ட்விஸ்ட் என்ன என்று கேட்டேன். "நீலம் நல்லா இருக்குல்ல அண்ணா?" என்று பதில் வந்தது.