வாடகை வீட்டில் அடிக்கடி விழுந்த ஆர்.சி.சி.பி.

மதுரையில் நாங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் பழைய வீட்டில், கீசர் ஓடும்போது குழாயைத் தொட்டால் சுரீரென்கிறது என்று குடியிருக்கும் அக்கா சொன்னதும், கீசரை உடனே அணைக்கச் சொல்லிவிட்டு, மறுநாளே எலக்ட்ரீஷியனுடன் போனேன். மூன்று முனை பிளக் பாயின்ட்டின் எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. கீசரின் காயிலிலும் மின்கசிவு இருந்தது. காயிலை மாற்றி, புதிய எர்த் குழி தோண்டி, பச்சைக் கம்பி இழுத்து, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சான ஆர்.சி.சி.பி.யை (30 மில்லி ஆம்பியர்) பொருத்தினோம்.

ஆனால் மாடி விளக்கைப் போட்ட கணமே அது விழுந்தது, அதாவது ட்ரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டித்தது. ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேரடியாக இணைத்து பைபாஸ் செய்துவிடலாம் என்ற யோசனைக்கு நான் உடன்படவில்லை. அது உயிரோடு விளையாடுவது. பேஸ் கம்பியில் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் கம்பியில் திரும்புவதும் சமமாக இல்லாவிட்டால் ஆர்.சி.சி.பி. விழும் என்பதால், நியூட்ரல்களை ஒவ்வொன்றாகத் தேடினோம். மாடி விளக்கின் நியூட்ரலைப் பக்கத்து போர்ஷனின் நியூட்ரலோடு முறுக்கி, டேப் சுற்றி வைத்திருந்தார்கள். அதனால் அந்த விளக்கின் மின்னோட்டம் எங்கள் ஆர்.சி.சி.பி. வழியாகச் சரியாகத் திரும்பவில்லை. பிரித்து உரிய இடத்தில் இணைத்ததும் சரியாயிற்று. இப்போது மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்தி, அது விழுகிறதா என்று அக்காவே பார்த்துவிடுகிறார்.