யெல்லோநைஃப் – இனுவிக்: வரைபடத்தைப் பார்த்து நேரம் சொல்லாதீர்கள்

கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களுக்கு எங்கள் பொறியாளர்களை அனுப்பிக் கூட்டி வருவது பல வருடமாக என் வேலை. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன், அந்தப் பிரதேசத்தின் தலைநகர் யெல்லோநைஃபிலிருந்து வடக்கே இருக்கும் இனுவிக் ஊருக்குப் பறப்பதைப் பற்றி, "ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தானே சார், ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம்" என்றான். நானும் ஒரு காலத்தில் போட்ட அதே கணக்கு. இந்த நேரக் கணக்கில் வரும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

தூரத்தை வேகத்தால் வகுப்பது

இரண்டு விமான நிலையங்களுக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 1,090 கி.மீ. ஜெட்டின் மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்தால் ஒரு மணி இருபது நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்வது, மேலே ஏறுவது, இறங்குவது எதுவும் இதில் இல்லை. அப்புறம், அன்றைக்கு வருவது ஜெட்தானா? ஏடிஆர் மாதிரி விசிறி வைத்த விமானமென்றால் மணிக்கு 500 கி.மீ. சொச்சம்தான், பறக்கவே இரண்டு மணி நேரம் வேண்டும்.

பெரிய ஏமாற்று, விமானம் நடுவில் இறங்கிக் கிளம்பும் நார்மன் வெல்ஸ் என்ற ஊர். யெல்லோநைஃபிலிருந்து அங்கே 680 கி.மீ., அங்கிருந்து இனுவிக் 445. கூட்டினால் 1,125. நேர்வழியைவிட 35 கி.மீ.தான் கூடுதல், அதனால் கண்ணில் படவே படாது. ஆனால் இறங்கி, ஆளையும் சரக்கையும் மாற்றி, மறுபடி கிளம்புவதற்குள் நேரம் கரைந்துவிடும்.

ஒருமுறை யெல்லோநைஃபிலிருந்து தெற்கே எட்மன்டன் நகரத்துக்குப் போகும் டிக்கெட் மலிவாகக் கிடைத்ததென்று முதலில் அதை வாங்கிவிட்டேன். இனுவிக்கிலிருந்து வரும் பயணத்தை வாடிக்கையாளர் ஏற்பாடு செய்தார். கிளம்பும் நேரத்தை மட்டும் சொன்னார். வந்து சேரும் நேரத்தை நானே வகுத்துக் கண்டுபிடித்தேன், மேதாவி. இரண்டு மணி நேரம் இடைவெளி இருப்பதாக நினைப்பு. உண்மையில் ஐம்பது நிமிடம். அதையும் நார்மன் வெல்ஸ் மூடுபனி தின்றுவிட்டது. தனித்தனி டிக்கெட் என்பதால் எட்மன்டன் விமான நிறுவனம் கையை விரித்தது. இரண்டு இரவு ஹோட்டல், புது டிக்கெட். அந்தப் பொறியாளர் இன்றும் என்னைப் பார்த்தால் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார்.

கால அட்டவணையில் கிளம்பும் நேரம், சேரும் நேரம் இரண்டையும் பாருங்கள். இரண்டு ஊரும் ஒரே நேர மண்டலம், கழித்தால் போதும். தெற்கே போகும் விமானத்தை முடிந்தால் மறுநாளுக்கு வையுங்கள். இதைச் சொன்னால் ஹோட்டல் செலவு என்று முகம் சுளிக்கிறார்கள்!

டிகிரியைக் கழித்துத் தூரம் காண்பது

தீர்க்கரேகையில் ஒரு டிகிரி 111 கி.மீ. என்பது பூமத்திய ரேகையில். யெல்லோநைஃப் அட்சத்தில் அது 51, இனுவிக்கில் 41. இரண்டு ஊருக்கும் இடையே 19 டிகிரி. எல்லாவற்றையும் 111ஆல் பெருக்கினால் தூரம் இரண்டு மடங்காகிவிடும்.

கடல் மைலை மைலாகப் படிப்பது

விமானத் தூரத்தைக் கடல் மைலில் சொல்வார்கள், அது சாதாரண மைலைவிட நீளம். 587 கடல் மைல் என்றால் 1,087 கி.மீ. சாதாரண மைலாக எடுத்துக்கொண்டு 945 என்று போடக் கூடாது.

சாலைத் தூரம்

நேர்ச் சாலையே கிடையாது. பக்கத்துப் பிரதேசமான யூகான் வழியாகச் சுற்ற வேண்டும்.